ஆலை வந்தது, குழாய் வரவில்லை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு படம் போட்டிருந்தோம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் மோர்பர்க் அனல் மின்நிலையத்தின் இரண்டு புகைபோக்கிகள் வெடிவைத்துச் சாய்க்கப்படும் படம். கீழே நாலு வரிக் குறிப்புதான் எழுதினோம், அதற்கே இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம், கோபப்படாதீர்கள்.

“சுமார் 3 பில்லியன் யூரோ போட்டுக் கட்டிய ஆலையைச் சுமார் ஆறு வருஷத்தில் மூடினார்கள் என்று போட்டிருக்கிறீர்கள். அச்சுப்பிழைதானே?” (கோவை வாசகர்)

அச்சுப்பிழை இல்லை ஐயா. மோர்பர்க்கின் முதல் யூனிட் 2015 பிப்ரவரியிலும் இரண்டாவது அதே ஆண்டு ஆகஸ்டிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. 2020 டிசம்பரில், “எவ்வளவு பணம் கொடுத்தால் உங்கள் நிலக்கரி ஆலையை மூடுவீர்கள்?” என்று ஜெர்மன் அரசு நடத்திய முதல் ஏலத்தில் மோர்பர்க்கின் பெயர் வந்தது. அந்த ஏலத்தில் 11 ஆலைகள், மொத்தம் கிட்டத்தட்ட 4,800 மெகாவாட், இழப்பீடு 317 மில்லியன் யூரோ. அதில் மிகப் பெரியதும் மிகப் புதியவற்றில் ஒன்றும் இதுதான். 2021 ஜூலையில் நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

ஏன் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: காற்றாலை மின்சாரம் பெருகி மொத்தச் சந்தையில் விலை சரிந்தது, கார்பன் உமிழ்வுக்கான கட்டணம் ஏறியது. உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே அந்த ஆலையின் இரண்டு கால்களில் ஒன்று போய்விட்டது. மின்சாரத்தோடு சேர்த்து நகரத்துக்கு வெப்பமும் விற்பதாகத்தான் திட்டம், அந்த வெப்பத்தில் ஒரு யூனிட்கூட நகரத்து வீடுகளுக்குப் போகவில்லை.

“வெப்பத்தை விற்பதா? வெந்நீரைக் குழாயில் அனுப்புவதா? புரியவில்லை.” (விருதுநகர், கல்லூரி மாணவி)

அதேதான், வெந்நீரைக் குழாயில் அனுப்புவது. வட ஐரோப்பாவில் பல நகரங்களில் வீட்டுக்கு வீடு அடுப்போ பாய்லரோ கிடையாது. நகரத்துக்கு வெளியே ஓர் ஆலை தண்ணீரைச் சூடாக்கி, நுரைப் பூச்சுப் போட்ட இரும்புக் குழாயில் தெருவுக்கு அடியில் அனுப்பும். உங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன வெப்பமாற்றிப் பெட்டி இருக்கும், அது சூட்டை வாங்கிக்கொண்டு ஆறிய தண்ணீரைத் திரும்ப அனுப்பிவிடும். வந்துபோன சூட்டுக்கு மீட்டர், மாதாமாதம் பில்.

இப்போது மின்நிலையத்துக்கு வருவோம். நிலக்கரியை எரித்து நீராவி, நீராவியால் டர்பைன், டர்பைனால் ஜெனரேட்டர், இது வரை பள்ளிப் பாடம். டர்பைனை விட்டு வெளியே வரும் நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கக் குளிர்விக்க வேண்டும், அங்கேதான் எரித்த நிலக்கரியின் ஆற்றலில் கிட்டத்தட்ட பாதி ஆற்றிலோ காற்றிலோ போகிறது. “வீணாகப் போவதைத்தானே வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அது இலவசம்தானே” என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கடைசியில் வெளியே வரும் நீராவியின் சூடு 30, 35 டிகிரிதான் இருக்கும், அதை வைத்து ஹாம்பர்க்கின் ஜனவரி மாதத்தில் ஒரு அறையையும் சூடாக்க முடியாது. நூறு டிகிரியை ஒட்டிய வெந்நீர் வேண்டுமென்றால் டர்பைனின் நடுவிலேயே நீராவியை உருவ வேண்டும். அப்படி உருவினால் மின்சாரம் குறையும். தோராயமாக ஐந்தாறு யூனிட் வெப்பம் எடுத்தால் ஒரு யூனிட் மின்சாரம் போகும். ஒன்றைக் கொடுத்து ஐந்தை வாங்குகிற வியாபாரம், நல்ல வியாபாரம்தான். வாங்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், இடையில் குழாய் இருக்க வேண்டும், அவ்வளவே.

“குழாய் போட்டிருந்தால் மோர்பர்க் நல்ல திட்டம் என்கிறீர்களா?” (சென்னை, ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர்)

இல்லை. நீங்கள் துறை சார்ந்தவர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். இரண்டு யூனிட்டும் சேர்த்து 1,654 மெகாவாட். செயல்திறன் 46.5 சதவீதம் வரை என்று சொன்னார்கள், நிலக்கரி ஆலைக்கு அது பிரமாதமான எண். அப்படியென்றால் முழு வேகத்தில் ஓடும்போது உள்ளே போகும் எரிபொருள் ஆற்றல் சுமார் 3,500 மெகாவாட், மின்சாரமாகாமல் மிஞ்சுவது 1,900 சொச்சம். இதில் குழாய் வழியாக நகரத்துக்குக் கொண்டுபோக நினைத்தது சில நூறு மெகாவாட். அதுவும் குளிர்காலத்தில்தான் முழுதாக வேண்டும், ஜூலை மாதத்தில் குளிக்க மட்டும்தான் வெந்நீர்.

அதாவது ஆலையின் அளவை முடிவு செய்தது மின்சாரச் சந்தை. வெப்பம் அதன்மேல் ஒட்டவைத்த நியாயம். அளவான ஒரு வெப்ப-மின் ஆலை வேண்டுமென்றால் நகரத்தின் குளிர்காலத் தேவையை அளந்து, குழாய்ப் பாதையை முடிவு செய்து, கடைசியில்தான் கொதிகலனின் அளவுக்கு வர வேண்டும். இங்கே தலைகீழாக நடந்தது. முழு வேகத்தில் நாளுக்குச் சுமார் 12,000 டன் நிலக்கரி எரிக்கும் ஆலை, ஆண்டு முழுக்க ஓட்டினால் 80 லட்சம் டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. இவ்வளவு பெரிய ஒன்றை நகர எல்லைக்குள் வைக்க ஒரு நல்ல காரணம் வேண்டுமே, “இது உங்கள் வீட்டைச் சூடாக்கும்” என்பது நல்ல காரணமாகத்தான் இருந்தது.

“பசுமைக் கட்சி எதிர்த்தது, அப்புறம் அவர்களே அனுமதி கொடுத்தார்கள் என்று எங்கோ படித்தேன். துரோகம்தானே?” (தஞ்சாவூர் வாசகர்)

கதை இதுதான். ஹாம்பர்க் ஒரு நகரம் மட்டுமல்ல, தனி மாநிலமும்கூட. 2007 நவம்பரில் அதன் மேயர் ஓலே ஃபான் பாய்ஸ்ட் தலைமையிலான அரசு, முழு அனுமதி வருவதற்கு முன்பே கட்ட ஆரம்பிக்கலாம் என்று ஆலையைக் கட்டிய வாட்டன்ஃபால் நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டது. 2008 பிப்ரவரியில் தேர்தல். மோர்பர்க்கைத் தடுப்போம் என்பதுதான் பசுமைக் கட்சியின் பெரிய முழக்கம். தேர்தல் முடிந்ததும் அதே பாய்ஸ்ட்டின் பழமைவாதக் கட்சியோடு கூட்டணி சேர்ந்தார்கள், ஜெர்மனியில் மாநில அளவில் அப்படியொரு கூட்டணி அதுதான் முதல். சுற்றுச்சூழல் பொறுப்பு அன்யா ஹைடுக்குக்கு வந்தது, அவர் பசுமைக் கட்சிக்காரர். 2008 செப்டம்பர் கடைசியில் அனுமதியில் கையெழுத்துப் போட்டவரும் அவரே.

துரோகமா என்றால், என் கருத்து இது: சட்டப்படி எல்லா நிபந்தனையும் சரியாக இருக்கும் ஒரு ஆலைக்கு, பிடிக்கவில்லை என்பதற்காக அனுமதி மறுக்க ஜெர்மன் சட்டத்தில் இடமில்லை, மறுத்தால் கோர்ட்டில் தோற்று இழப்பீடும் கட்ட வேண்டியிருக்கும். அவர் தன்னால் முடிந்ததைச் செய்தார், ஆற்றுத் தண்ணீர் விஷயத்தில் கிடுக்கிப்பிடி போட்டார். குற்றம் என்று சொல்வதானால் முடியாது என்று தெரிந்திருக்கவேண்டியதைத் தேர்தலில் வாக்குறுதியாகக் கொடுத்ததைச் சொல்லலாம். இது நமக்குப் புதிதா என்ன.

“ஆற்றுத் தண்ணீரில் என்ன கிடுக்கிப்பிடி?” (பவானி வாசகர்)

எல்பே ஆற்றிலிருந்து நொடிக்கு 64 கன மீட்டர் தண்ணீர் எடுத்து, சூடாக்கித் திரும்ப விடுவதுதான் முதல் திட்டம். தண்ணீரைக் காற்றில் ஆறவைக்கும் கூலிங் டவர் கட்டும் செலவு மிச்சம், செயல்திறனும் கூடும். ஆனால் ஹாம்பர்க்குக் கீழே எல்பேயில் கோடைக்காலத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைந்துபோகும், சில இடங்களில் மீன்கள் மூச்சுவிட முடியாமல் தவிக்கிற அளவுக்கு. அதில் வெந்நீரைக் கலந்தால் என்ன ஆகும் என்று பவானிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக்சிஜன் குறைந்தால், ஆறு சூடானால், தண்ணீர் எடுப்பதைக் குறை என்றது அனுமதி. கோடையில் ஆலையைத் தாழ்த்தி ஓட்ட வேண்டும் என்பதே அதன் அர்த்தம். பிற்பாடு கூலிங் டவரும் கட்ட வேண்டியதாயிற்று.

மீன் விவகாரம் அதோடு முடியவில்லை. சால்மன், லாம்ப்ரே போன்ற மீன்கள் கடலிலிருந்து எல்பே வழியாக மேலே போய்த்தான் முட்டையிடும். தண்ணீர் உறிஞ்சும் இடத்தில் அவை சிக்கிச் சாகும் என்பதால், அதற்கு ஈடாக சுமார் 30 கிலோமீட்டர் மேலே கேஸ்டாக்ட் தடுப்பணையில் ஒரு பெரிய மீன் ஏணி கட்டிக்கொடுத்தது வாட்டன்ஃபால். மீன் ஏணி என்றால் அணையைத் தாண்ட மீன்களுக்குப் படிப்படியான நீர்த்தொட்டிகள், இது 550 மீட்டர் நீளம், 2010-ல் திறந்தபோது ஐரோப்பாவிலேயே பெரியது. நல்ல காரியம்தான், ஆனால் ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஏப்ரலில் சொன்னது வேறு: அனுமதி கொடுத்த நாளில் அந்த ஏணி பலன் தரும் என்பதற்கு நிரூபணம் இல்லை, ஆற்றில் ஏற்கெனவே இருக்கும் மற்ற கட்டுமானங்களோடு சேர்த்துப் பாதிப்பைக் கணக்கிடவும் இல்லை, ஆகவே ஜெர்மனி இயற்கை வாழிடச் சட்டத்தை மீறியது. ஆலை ஓடத் தொடங்கி இரண்டு வருஷம் கழித்து வந்த தீர்ப்பு!

“வாட்டன்ஃபால் ஜெர்மனி மீதே வழக்குப் போட்டதாமே?” (புதுச்சேரி வாசகர்)

போட்டது. வாட்டன்ஃபால் ஸ்வீடன் அரசுக்குச் சொந்தமான நிறுவனம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எரிசக்தி சாசன ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு, அப்போது அதன்படி வெளிநாட்டு முதலீட்டாளர் உள்ளூர் கோர்ட்டைத் தாண்டி சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போக முடிந்தது. தண்ணீர் நிபந்தனையால் ஆலையின் மதிப்பு போய்விட்டது என்று 2009 ஏப்ரலில் 1.4 பில்லியன் யூரோ கேட்டார்கள். அடுத்த வருஷம் சமரசம், நிபந்தனைகள் தளர்ந்தன. பிறகு உள்ளூர் நீதிமன்றங்கள் அந்தத் தளர்வையே கேள்வி கேட்டது தனிக் கதை.

“அந்தக் குழாய் ஏன்தான் வரவில்லை? அதைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறீர்களே.” (மதுரை வாசகர்)

வந்துவிட்டேன். ஆலை எல்பேயின் தென்கரையில், வெப்பம் வேண்டிய வீடுகள் வடகரையில். ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, அல்டோனா வழியாகச் சுமார் 12 கிலோமீட்டர் குழாய் போட வேண்டும். அல்டோனா நெருக்கமான பகுதி, தெருவைத் தோண்டினால் போக்குவரத்து நிற்கும், அதனால் பூங்காக்கள் வழியாகப் பாதை போட்டார்கள். பூங்காவில் போட்டால் மரங்களை வெட்ட வேண்டும்.

நிலக்கரி ஆலை எங்கோ துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த வரை பலருக்கு அது ஒரு செய்தி மட்டும்தான். தன் பிள்ளை விளையாடும் பூங்காவில் மரத்துக்கு எண் போட்டபோது விஷயம் வீட்டுக்குள் வந்துவிட்டது. 2009 டிசம்பரில் கேலர் பூங்காவில் இளைஞர்கள் மரத்தில் ஏறி, கிளைகளுக்கு நடுவே பலகை கட்டி, கொட்டும் பனியில் அங்கேயே தங்கினார்கள், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். அதே நேரத்தில் ‘புண்ட்’ என்கிற சுற்றுச்சூழல் அமைப்பு கோர்ட்டுக்குப் போனது. அவர்கள் பிடித்த புள்ளி கெட்டிக்காரத்தனமானது. நிலக்கரி நல்லதா கெட்டதா என்று வாதாடவில்லை, “இவ்வளவு பெரிய குழாய்த் திட்டத்துக்கு மக்களிடம் கருத்துக் கேட்கும் முழு நடைமுறை வேண்டும், நீங்கள் குறுக்கு வழியில் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள்” என்றார்கள். 2010 பிப்ரவரியில் ஹாம்பர்க் உயர் நிர்வாக நீதிமன்றம் அதை ஏற்று வேலையை நிறுத்தியது. அதற்குப் பிறகு அந்தக் குழாய் எழுந்திருக்கவே இல்லை.

நடைமுறையை ஒழுங்காகச் செய்திருந்தால் ஒருவேளை குழாய் வந்திருக்கும். அவசரம் மிச்சப்படுத்த நினைத்த மாதங்கள்தான் கடைசியில் எல்லாவற்றையும் விழுங்கின. இத்தனைக்கும் ஆலையே நேரத்துக்கு வரவில்லை, கொதிகலன் குழாய்களுக்குப் போட்ட டி24 என்ற புது ரக எஃகு பற்றவைத்த இடங்களில் விரிசல்விட்டு, அதை மாற்றுவதில் இன்னும் தாமதம்.

அப்புறம் 2013 செப்டம்பரில் நகரத்தில் பொது வாக்கெடுப்பு: மின்சார, எரிவாயு, வெப்பக் குழாய் வலைகளை நகரமே திரும்ப வாங்க வேண்டுமா? 50.9 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். மயிரிழை வெற்றி. 2019-ல் வெப்ப வலை வாட்டன்ஃபாலிடமிருந்து நகரத்தின் கைக்கு வந்தது, அதற்கு ஒப்பந்தத்தில் எழுதிய குறைந்தபட்ச விலை 950 மில்லியன் யூரோ, மதிப்பீட்டாளர்கள் போட்ட மதிப்போ அதைவிட நன்றாகவே குறைவு, அதற்கும் ஒரு சண்டை நடந்தது. மோர்பர்க் வெப்பம் எங்களுக்கு வேண்டாம் என்று நகரம் சொல்லிவிட்டது. குழாயின் உரிமையாளரே வேண்டாம் என்றபின் ஆலை யாருக்கு விற்கும்?

“அப்படியானால் எதிர்த்தவர்கள் ஜெயித்துவிட்டார்கள், சூழல் பிழைத்தது. சரிதானே?” (திருச்சி வாசகர்)

பாதி சரி. மோர்பர்க் வெப்பம் எதற்குப் பதிலாக வருவதாக இருந்தது என்பதைப் பாருங்கள். ஹாம்பர்க்கின் மேற்கு எல்லையை ஒட்டி வேடல் என்ற ஊரில் 1960-களில் கட்டிய ஒரு நிலக்கரி வெப்ப-மின் ஆலை இருக்கிறது. அதைத்தான் மூடுவதாக இருந்தது. குழாய் நின்றதும் அந்தக் கிழட்டு ஆலையை வருஷக்கணக்கில் ஓட்டவேண்டியதாயிற்று. புகைபோக்கியிலிருந்து விழும் துகள்கள் கார் பெயின்டையும் ஜன்னலையும் அரிக்கின்றன என்று வேடல்காரர்கள் பல காலம் புகார் சொன்னார்கள். புதியது மூடப்பட்ட நாளிலும் பழையது ஓடிக்கொண்டிருந்தது. இதை எந்தத் தரப்பின் வெற்றி என்று எழுதுவது?

வேடலுக்குப் பதிலாக நகரம் இப்போது வேறு வழியில் போகிறது: துறைமுகத்தில் எரிவாயு ஆலை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து ஹீட் பம்ப் (குறைந்த சூட்டை உறிஞ்சி உயர்த்தித் தரும் எந்திரம்) வழியாக எடுக்கும் சூடு, குப்பை எரிப்பு ஆலை என்று பலதையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். அந்த வெப்பத்தைக் கொண்டுவர எல்பேக்கு அடியில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள். ஆம், ஆற்றைக் கடக்கும் குழாய் வரத்தான் போகிறது.

“ஜெர்மனியில் இது ஒன்றுதானா?” (சேலம் வாசகர்)

இல்லை. அதே காலத்தில் பெர்லினில், மைன்ஸில், கீலில் எல்லாம் சுமார் 800 மெகாவாட் நிலக்கரி ஆலை கட்டுவதாகப் பேச்சு இருந்தது. மூன்றுமே வரவில்லை. கீல் நகரம் எடுத்த முடிவு எனக்குப் பிடித்தது: ஒரே பெரிய கொதிகலனுக்குப் பதில் 20 எரிவாயு இன்ஜின்கள், மொத்தம் 190 மெகாவாட், பக்கத்தில் 60 மீட்டர் உயரத்தில் ஒரு வெந்நீர்த் தொட்டி. மின்சாரம் விலை போகும் நேரத்தில் இன்ஜினை ஓட்டிச் சூட்டைத் தொட்டியில் சேர்த்துவைக்கலாம், காற்றாலை நன்றாகச் சுற்றும்போது நிறுத்திவிடலாம். எரிவாயுவும் புதைபடிவ எரிபொருள்தான், அதை மறைக்கவில்லை.

“நிலக்கரி வெப்ப-மின் ஆலை எங்குமே கூடாது என்பதுதான் உங்கள் நிலைப்பாடா?” (நாகர்கோவில் வாசகர்)

மங்கோலியத் தலைநகர் உலான்பாட்டருக்குப் போய் இந்தக் கேள்வியைக் கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி பதில் வரும். குளிர்காலத்தில் மைனஸ் 30-க்குக் கீழே போகும் ஊர். அடுக்குமாடிகளுக்கு நிலக்கரி ஆலைகளின் வெந்நீர் போகிறது. ஊரைச் சுற்றி மலைச்சரிவுகளில் கூடாரங்களிலும் சிறு வீடுகளிலும் இருப்பவர்களுக்குக் குழாய் இல்லை, வீட்டுக்கு வீடு அடுப்பில் நிலக்கரி. அந்த ஊரின் மூச்சுமுட்டும் குளிர்காலப் புகையில் பெரும்பங்கு இந்த அடுப்புகளுடையது, அதனால்தான் 2019 மேயிலிருந்து பதப்படுத்தாத நிலக்கரியை அடுப்பில் எரிக்கத் தடை போட்டு, அமுக்கிச் செய்த கரித்துண்டுகளைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஐந்தாவது வெப்ப-மின் ஆலை கட்டுவோம் என்று பல வருஷமாகப் பேசுகிறார்கள், பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. அங்கே ஒரு ஆலையும் நீளமான குழாயும் ஆயிரக்கணக்கான அடுப்புகளை அணைக்கும். ஹாம்பர்க்கில் அப்படி அணைக்க அடுப்பு இல்லை.

“நெய்வேலியிலும் இவ்வளவு சூடு வீணாகிறதே, நாம் ஏன் செய்யவில்லை?” (நெய்வேலி வாசகர்)

கடலூர் மாவட்டத்தில் யாருக்கு ஹீட்டர் வேண்டும் ஐயா! நமக்கு வெப்பம் வேண்டியது வீட்டில் இல்லை, தொழிற்சாலையில். அதை நம் சர்க்கரை ஆலைகள் செய்துகொண்டுதான் இருக்கின்றன. கரும்புச் சக்கையை எரித்து நீராவி, அந்த நீராவி முதலில் டர்பைனைச் சுற்றும், பிறகு அதே நீராவி சாற்றைக் காய்ச்சும், மிஞ்சிய மின்சாரம் கிரிட்டுக்கு. கோஜெனரேஷன் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். அங்கே குழாயின் நீளம் ஆலை மதில் சுவருக்குள் முடிந்துவிடுகிறது, மரத்தில் ஏற யாருக்கும் வேலை இல்லை.

“இடித்த இடத்தில் இப்போது என்ன?” (ஈரோடு வாசகர்)

புகைபோக்கிகள் 2024 நவம்பர் 10 அன்று சாய்ந்தன, நாங்கள் போட்ட படம் அதுதான். கொதிகலன் கட்டடங்களை 2025 வசந்தத்தில் தகர்த்தார்கள். அந்த இடத்தில் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் 100 மெகாவாட் ஆலை ஒன்று வருகிறது, நகரத்தின் எரிசக்தி நிறுவனமும் லக்ஸ்காரா என்ற முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து கட்டுகின்றன, 2027-ல் தொடங்கி ஆண்டுக்குச் சுமார் 10,000 டன் என்பது திட்டம். ஏன் அதே இடம் என்றால், உயர் அழுத்த மின்தொடர்பு அங்கே ஏற்கெனவே இருக்கிறது, கப்பல் வந்து நிற்கத் துறையும் இருக்கிறது, வாங்கக்கூடிய தொழிற்சாலைகள் பக்கத்திலேயே. ஹைட்ரஜனைக் கொண்டுபோகத் துறைமுகப் பகுதிக்குள் தனியாக ஒரு குழாய் வலை போடுகிறார்கள். அந்த வேலை முன்கூட்டியே தொடங்கிவிட்டது.